இருநூற்றுப் பதினாறு சுற்று

ஏழாவது சுற்று முடிந்தது. இராயப்பன் கைப்பிடியின் துளையில் ஆணியைச் செருகி நிறுத்தினான். செப்புக் கம்பியை மரச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி முந்திய சுற்றோடு ஒட்டவைத்தான். பிறகு சுவரில் தொங்கிய செபமாலையில் ஏழாவது மணியைக் கீழே தள்ளினான்.

"அண்ணே, டைனமோ நெருப்புக் கக்குது. டீமேக்கர் ஐயா ஒடனே வரச் சொன்னாரு."

கதவில் ஆண்டியப்பன் நின்றான். தொழிற்சாலையில் தேயிலை உலர்த்தும் டிரையருக்கு இலை போடுகிறவன். தலைமுடியெல்லாம் தேயிலைத் தூள்.

"எந்தப் பக்கத்துக் கரி பிரஷ்?"

"எனக்கென்ன தெரியும்? பூவாணம் மாதிரி வருது." ஆண்டியப்பனின் பார்வை சுவருக்குப் போயிற்று. "இது என்னண்ணே, பூசையா, வேலையா?"

"எண்ணுறதுக்கு."

"அப்ப மாதாதான் கணக்கப்பிள்ளையா?"

"வாய மூடு ஆண்டி" என்றாள் அவன் மனைவி அந்தோனியம்மா அடுப்படியிலிருந்து. "அந்தக் கணக்கப்பிள்ள யாரு பேரையும் வெட்ட மாட்டா."

இராயப்பன் எழுந்து கையைத் துடைத்தான். இரண்டு முறை சுண்ணாம்புக் கோடு போட்டு எண்ணி இரண்டு முறையும் யாரோ பேச்சுக் கொடுத்துக் கணக்கைத் தவறவிட்டிருந்தான். அதனால்தான் மனைவியின் மாலையை எடுத்து ஆணியில் மாட்டினான். இன்று டிரான்ஸ்போமரின் இந்தப் பாதி முடியாவிட்டால் தவணையான வெள்ளிக்கிழமைக்குள் எதுவும் முடியாது.

"நீ சுத்து" என்றான் மனைவியிடம். "ஒரு மணிக்கு ஒரு சுத்து. ஏழு முடிஞ்சிருக்கு. மொத்தம் நாலு வட்டம். கம்பி மேல கம்பி ஏறக்கூடாது."

"மூணு நாளாப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"பேசாம எண்ணு."

"நான் எண்ணல. செபம் சொல்லிக்கிட்டே சுத்துறேன். இன்னைக்கு ஞாயித்துக்கிழமைப் பூசையும் போச்சு."

அவன் ஆண்டியப்பனோடு இறங்கிப் போனான்.

அது 1961ஆம் ஆண்டு ஆனி மாதம். லக்சபான நீர்மின் நிலையத்திலிருந்து வரும் மின்சாரம் அந்த ஆண்டுதான் கொட்டகலைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்துக்கு வந்திருந்தது. அதுவரை தொழிற்சாலைக்கு வேண்டிய கரண்டை ஓர் எண்ணெய் எஞ்சினும் அதோடு பூட்டிய டைனமோவும் கொடுத்தன. அந்த டைனமோவைப் பார்த்துக்கொண்டவன் இராயப்பன். புதிய கரண்டுக்கு ஏற்ற மோட்டார்கள் ஒவ்வொன்றாக வந்தன. இலை அரைக்கும் ரோலர்களுக்கு, சல்லடைகளுக்கு, விசிறிகளுக்கு. டிரையரின் தட்டுகளை நகர்த்தும் மோட்டார் மட்டும் பழையதாகவே நின்றது. அதற்கு ஒரே பக்கமாக ஓடும் கரண்டு வேண்டும். புதிய கரண்டோ நொடிக்கு ஐம்பது தடவை முன்னும் பின்னும் ஆடுவது.

கொழும்புக் கம்பனியின் எஞ்சினியர் அதையும் கழற்றி எறியச் சொன்னார். தேயிலையின் பக்குவத்துக்குப் பொறுப்பான டீமேக்கர் கணேசமூர்த்தி சம்மதிக்கவில்லை. பழைய மோட்டாரின் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். மழைநாள் இலைக்குத் தட்டு மெதுவாக நகர வேண்டும், வெயில்நாள் இலைக்குச் சற்று விரைவாக. புதிய மோட்டாருக்கு ஒரே வேகம்தான். பன்னிரண்டு மாதமும் ஒரே வேகத்தில் உலர்த்தினால் அது தேயிலை அல்ல, வைக்கோல் என்றார் அவர்.

அப்போதுதான் இராயப்பன் வாய் திறந்தான். ஒரு டிரான்ஸ்போமர் சுற்றிக் கரண்டைக் குறைத்து, செலீனியம் தட்டுகள் வழியாக விட்டால் ஒரே பக்கமாக ஓடும், பழைய மோட்டார் அப்படியே இருக்கலாம் என்றான். தோட்டத்தை நடத்திய தொரை அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"மூணு கிழமை" என்றார். "ஓடினா நீ இங்க. ஓடாட்டி பெரட்டு."

பெரட்டு என்பது விடிகாலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம். இராயப்பன் வட்டவளைப் பக்கத்துத் தொழிலாளர் லயம் ஒன்றில் பிறந்தவன். தகப்பன் தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்துக்காரர். பன்னிரண்டு வயதிலிருந்து அவன் பெயரும் பெரட்டில் கூப்பிடப்பட்டது. காய்ச்சலோ மழையோ, பெயர் கேட்டதும் "ஐயா" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வர ஒரு கணம் பிந்தினால் அரைப் பேர், பாதிக் கூலிதான். பிறகு இந்தத் தோட்டத்துக்கு விறகு சுமக்கும் ஆளாக வந்தான். டைனமோ பார்த்த சிங்களவர் ஊருக்குப் போய்த் திரும்பாத ஒரு வாரத்தில், யாரும் கேட்காமலே பிரஷ்களைக் கழற்றித் தேய்த்து மாட்டி அதை ஓடவிட்டான். அதுவரை விறகு அடுக்கிய நேரங்களில் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்ததுதான் அவன் படிப்பு. மற்றதெல்லாம் திருச்சியில் அச்சான, முன்அட்டை போன ஒரு சின்னப் புத்தகத்திலிருந்து. நாற்பத்தேழிலிருந்து பதினாலு ஆண்டுகளாகப் பெரட்டில் அவன் பெயர் இல்லை. தொழிற்சாலையை ஒட்டி ஒற்றை அறை கொடுத்தார்கள். அவன் காலையில் எழுந்து யாருக்கும் குரல் கொடுக்காமல் நேராக டைனமோவிடம் போனான். அதை விட வேறொன்றும் அவன் கேட்கவில்லை.

மூன்று வாரத்தில் இரண்டு போய்விட்டது. எரிந்துபோன ஒரு வெல்டிங் செட்டிலிருந்து இரும்புத் தகடுகளை எடுத்தான். அட்டனில் ஒரு தியேட்டரில் கழித்துப்போட்ட செலீனியம் தட்டுகள் கிடைத்தன. பச்சைச் சாயம் பூசிய சதுரத் தகடுகள், அப்பளம் போல அடுக்கி நடுவில் ஒரு கம்பியில் கோத்திருந்தன. அவற்றை வாங்குவதற்குக் கணேசமூர்த்தி தன் பெயரில் கையெழுத்து வைத்தார்.

டிரான்ஸ்போமரின் உள்சுற்றை முதலில் முடித்தான். அதன் மேல் வர வேண்டியவை இரண்டு பாதிகள், ஒவ்வொன்றும் இருநூறு சுற்று. மரம் அறுக்கும் இருவர் மாறி மாறி வாளை இழுப்பது போல இரண்டு பாதிகளும் மாறி மாறிக் கரண்டை இழுக்கும். இருவர் பலமும் சமமாக இருக்க வேண்டும்.

அன்று டைனமோவைச் சரிசெய்து அவன் திரும்பியபோது மூன்று மணி. விரலில் இரண்டு இடம் கொப்பளித்திருந்தது. முதற் பாதி முடிந்திருந்தது. கம்பிகள் சீப்புப் பல் போல வரிசையாக இருந்தன. அவன் சுற்றியதை விட நேர்த்தி.

"நாலு வட்டமும் முடிச்சிட்டேன். பெரிய மணிக்கும் ஒரு சுத்துத்தானே?"

அவன் விரலை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தான். மனம் இன்னும் பிரஷ்ஷில் இருந்தது.

"ம்" என்றான்.

இரண்டாம் பாதியைத் திங்களும் செவ்வாயும் வேலை முடிந்து வந்து அவனே சுற்றினான். பத்துச் சின்ன மணி தள்ளுவான், பெரிய மணியைக் கட்டைவிரலால் தாண்டுவான், அடுத்த பத்து. அதைப் பற்றி அவன் யோசிக்கவில்லை. கோயிலில் சிறுவயதில் மற்றவர்கள் பெரிய மணியில் நின்று பரலோக மந்திரம் சொல்லும்போதே அவன் விரல் அடுத்த பத்துக்குப் போய்விடும்.

கடைசிச் சுற்றுகளுக்கு இடம் போதவில்லை. கணக்குப்படி ஒரு விரல் அகலம் மிஞ்ச வேண்டும். கம்பியின் நூல் உறை தடிப்பு என்று நினைத்துக்கொண்டு மரக்கட்டை வைத்துத் தட்டி அடக்கினான். புதன்கிழமை வார்னிஷ் பூசிக் காயவைத்து, இரும்புத் தகடுகளைச் செருகி முறுக்கினான்.

வியாழன் பிற்பகல் தொழிற்சாலையின் பின்கட்டில் அதற்கு முதன்முறையாகக் கரண்டு கொடுத்தான். பழைய மீட்டர் புதிய கரண்டைக் காட்டாது. அதனால் ஒவ்வொரு பாதிக்கும் ஒரு பல்பு மாட்டினான். இரண்டும் எரிந்தன. ஒன்று வெள்ளையாக, மற்றது சற்று மஞ்சளாக.

பல்புகளை மாற்றி மாட்டினான். வெள்ளை அதே பாதியில் நின்றது, பலம் அங்கே கூடுதல். அடியில் இருக்கும் பாதி. அந்தோனியம்மா சுற்றிய பாதி.

அறைக்குப் போனான். அவள் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து இன்னும் வரவில்லை. மாலையைக் கையில் எடுத்து, பெரிய மணிகளையும் சேர்த்து எண்ணினான். ஐம்பது சின்ன மணி. இடையில் நாலு பெரிய மணி. ஐம்பத்து நாலு. நாலு வட்டம். இருநூற்றுப் பதினாறு.

ஒரு மணிக்கு ஒரு சுத்து என்று அவன்தான் சொன்னான். அவள் கேட்டபோது 'ம்' என்றதும் அவன்தான்.

பதினாறு சுற்று அதிகம். மோட்டார் வேகம் பிடித்ததும் பலமான பாதியே முழுச் சுமையையும் இழுக்கும், மற்றது பெயருக்கு நிற்கும். சுமை இழுக்கும் பக்கத்துச் செலீனியம் தட்டுகள் சூடேறும். அடியில் இருப்பதைக் குறைக்க மேலே உள்ள எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டும், தகடுகளைக் கழற்ற வேண்டும், வார்னிஷ் மறுபடி காய வேண்டும். நாலு நாள். மேற்பாதியில் பதினாறைக் கூட்டலாமென்றால் ஒரு நூல் நுழையவும் இடமில்லை. பலமான பாதியில் இரும்புக் கம்பிச் சுருள் ஒன்றைப் போட்டு அடக்கிப் பார்த்தான். கையிலிருந்த கம்பி மெல்லியது. ஐந்து நிமிடத்தில் சிவந்தது. கழற்றிவிட்டான்.

தொரையிடம் நாலு நாள் கேட்கலாம் என்று ஆபீசுக்கு நடந்தான். வழியில் கணேசமூர்த்தி வந்தார்.

"என்ன இராயப்பன், பல்பு எரிஞ்சுதா?"

"எரிஞ்சுதுங்க."

"அப்பாடா. காலையில தொரை என்னைக் கூப்பிட்டு மறுபடியும் கேட்டாரு. நான் ஓடும்னு சொல்லிட்டேன். அந்தக் கொழும்புக்காரனும் நாளைக்கு வாறான். அவன் மூஞ்சியப் பாக்கணும் எனக்கு." சிரித்தார். "நீ எங்க இந்தப் பக்கம்?"

இராயப்பன் செருப்பில்லாத தன் காலைப் பார்த்தான். மேலே ஆபீஸ் ஜன்னல் தெரிந்தது.

"சும்மாதாங்க" என்றான்.

திரும்பி வந்து, தட்டுகளைக் குளிரவைக்க ஒரு வழி யோசித்தான். டிரையரின் பெரிய விசிறி பின்கட்டிலிருந்துதான் காற்றை உறிஞ்சுகிறது. அந்தக் காற்று அடுப்பில் சூடாகித் தேயிலைக்குப் போகிறது. காற்று நுழையும் வாயிலுக்கு முன்னால் செலீனியம் தட்டுகளை வைத்தால் குளிர்காற்று ஓயாமல் அவற்றைத் தடவிக்கொண்டு போகும். அங்கே வைத்துப் பூட்டினான். நல்ல யோசனை என்று அவனுக்கே தோன்றியது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு எல்லாரும் பின்கட்டில் கூடினார்கள். தொரை, கொழும்பு எஞ்சினியர், கணேசமூர்த்தி. டிரையரின் வாயில் ஆண்டியப்பன்.

"அண்ணே, மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி நேந்துக்கிட்டியா?" என்று மெல்லக் கேட்டான்.

"இலையப் போடு."

இராயப்பன் சுவிட்சைத் தள்ளினான். டிரான்ஸ்போமர் 'ம்' என்று முனகியது. மோட்டார் சுழன்றது. தட்டுகள் நகர்ந்தன. கணேசமூர்த்தி வேகத்தைக் குறைக்கச் சொன்னார், குறைத்தான். கூட்டச் சொன்னார், கூட்டினான். தொரை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இருபது நிமிடத்தில் முதல் தேயிலை மறுபக்கம் கறுப்பாகக் கொட்டியது. கணேசமூர்த்தி ஒரு பிடி அள்ளி முகர்ந்து தலையை ஆட்டினார்.

"நீ சொன்னது ஓடுது" என்றார் தொரை.

அப்போது முனகல் மாறியிருந்தது. தடித்து, நடுங்கியது. மற்றவர்களுக்கு அது ஒரே சத்தம். இராயப்பன் ஒரு பக்கத்துச் செலீனியம் அடுக்கின் அருகே புறங்கையைக் கொண்டுபோனான். சூடு தோலில் அடித்தது. மறுபக்கத்து அடுக்குக் குளிர்ந்திருந்தது.

சுவிட்ச் மூன்றடி தூரத்தில் இருந்தது. நிறுத்தலாம். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். தொரை எஞ்சினியரிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். இன்னும் ஐந்து நிமிடத்தில் பங்களாவுக்குப் போய்விடுவார். அதுவரை தாங்கினால் போதும். இராயப்பன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். பச்சைத் தகடொன்றில் கறுப்புப் பொட்டு விழுந்தது. பிறகு அடுத்ததில். மெல்லிய புகை நூலாக எழுந்து, மேலே போகாமல், நேராக விசிறியின் வாய்க்குள் போயிற்று.

நாற்றம் அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அழுகிய முள்ளங்கியும் பூண்டும் சேர்ந்தது போல. இராயப்பன் பாய்ந்து சுவிட்சை இழுத்தான். மோட்டார் நின்றது. விசிறி புதிய கரண்டில் ஓடுவது. அது நிற்கவில்லை. அடுப்புக்காரன் ஓடிப்போய் நிறுத்துவதற்குள் புகை முழுவதும் உள்ளே போய், டிரையரில் அசையாமல் நின்ற எல்லாத் தட்டுகளின் ஊடாகவும் ஏறிவிட்டது.

"அய்யய்யோ, யாரு பெத்த நாத்தம்டா இது" என்று டிரையர் வாயிலிருந்து ஆண்டியப்பன் கத்தினான். யாரும் சிரிக்கவில்லை.

கணேசமூர்த்தி டிரையர் தட்டிலிருந்த தேயிலையை எடுத்து, கொதிநீரில் ஊறவைத்து வெள்ளைக் கோப்பைகளில் ஊற்றினார். ஒரு வாய் உறிஞ்சித் துப்பினார். அடுத்த கோப்பை, துப்பினார். தொரை ஒன்றைக் குடித்துப் பார்த்துத் துப்பிவிட்டு, கோப்பையைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன பிழை?"

"செலீனியம் தட்டு பழசு. அவ்வளவுதான்" என்று எஞ்சினியர் சொன்னார். கறுத்த தகடுகளைக் காலால் தொட்டுக் காட்டினார்.

கணேசமூர்த்தி இராயப்பனைப் பார்த்தார்.

"தட்டா?"

செபமாலையில் எண்ணினோம், பெரிய மணியில் பிழைத்துவிட்டது என்று அந்த இடத்தில் எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. நேற்றே தெரியும் என்று சொல்வது அதைவிட முடியாது.

"தட்டுத்தாங்க" என்றான்.

"தட்டுக்குக் கையெழுத்து வச்சது யாரு?" என்று தொரை கேட்டார். கேட்டது இராயப்பனை அல்ல.

"நான் சேர்" என்றார் கணேசமூர்த்தி.

தொரை அவரை ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார். கணேசமூர்த்தி பின்னால் நடந்தார். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அவர் திரும்பிப் பார்ப்பார் என்று இராயப்பன் எதிர்பார்த்தான். பார்க்கவில்லை.

அந்தோனியம்மா மலையிலிருந்து வந்தபோது செய்தி அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. கூடையை இறக்கிவிட்டு முக்காட்டைப் பிழிந்தாள்.

"எதனால?"

"தட்டு."

"நான் சுத்துனது?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

அவள் அடுப்பு மூட்டினாள். விளக்கு வைக்கும் நேரத்தில் வழக்கம் போல மாலையை எடுத்து முழந்தாளிட்டாள். அவன் பின்னால் உட்கார்ந்து மறுமொழி சொன்னான். பத்துச் சின்ன மணி முடிந்தது. அவள் விரல் பெரிய மணியில் நின்றது. அடுத்த செபம் வரவில்லை.

"அன்னைக்குக் கேட்டேனே" என்றாள் திரும்பாமல்.

"கேட்ட."

"நீங்க 'ம்'னீங்க."

"ஆமா."

"டீமேக்கர் ஐயாவத் திட்டுனாங்களாமே. தட்டு அவரு வாங்குனதுன்னு."

அவன் தரையில் கிடந்த கம்பித் துண்டை எடுத்து வளைத்தான்.

"போய்ச் சொல்லிட்டு வாங்க. என் பேரைச் சொல்லுங்க. எனக்கென்ன, நான் மலைக்குப் போறவதானே."

அவன் எழுந்து வாசல் வரை போனான். டீமேக்கரின் வீட்டில் விளக்கு எரிந்தது. நூறு அடி இருக்கும். மழை தூறியது. திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தான்.

"சொல்லு" என்றான். அவள் பரலோக மந்திரத்தைத் தொடங்கினாள்.

மறுநாள் சனிக்கிழமை. ஆறு மணிக்குப் பெரட்டு நடந்தது. இராயப்பனின் பெயர் பட்டியலில் கடைசியாக இருந்தது. கணக்கப்பிள்ளை கூப்பிட்டார். அவன் "ஐயா" என்றான். ஏழாம் நம்பர் மலையில், மழைத் தண்ணீர் ஓடும் கான்களை வெட்டித் துப்புரவாக்கும் ஒன்பது பேரோடு அவனை அனுப்பினார்கள். கம்பனி லொறி பத்து மணிக்கு வந்தது. மூன்று மணிக்குள் புதிய மோட்டாரைப் பூட்டினார்கள். டிரையர் ஓடியது. வேகம் ஒன்றுதான். கெட்டுப்போன தேயிலையை ஆண்டியப்பனும் இன்னும் இருவரும் சாக்கில் கட்டி உரக்குழியில் கொட்டினார்கள். கணேசமூர்த்தி நாலு மணிக்கு ஏழாம் நம்பர் வழியாக நடந்து போனார். அறையின் சாவியைத் திங்கட்கிழமை ஆபீசில் கொடுக்க வேண்டும் என்றார். இராயப்பன் சரிங்க என்றான். அவர் போய்விட்டார். ஐந்து மணிக்கு வேலை விட்டார்கள்.